ஐந்தாவது குரல்

எல்சி ஆன்ட்டியின் சாவு வீட்டுக்குப் பெனிஷா போய்ச் சேர்ந்தபோது வெயில் தாழ ஆரம்பித்திருந்தது. ராயபுரத்தில் அந்த நேரத்துக்குக் கடல் காற்று திரும்பும். மீன் வாடையும் துறைமுக லாரிகளின் டீசல் வாடையும் சேர்ந்து சந்துக்குள் நுழையும். அன்றைக்கு அதோடு சம்பங்கி மாலையின் வாடையும் இருந்தது. சந்தின் குறுக்கே பந்தல். பந்தலின் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆண்கள் ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன.

உள்ளே கூடத்தில் ஐஸ் பெட்டி. அதைச் சுற்றி நான்கு பெண்கள். எல்சியின் மகள் ரூத், எல்சியின் தங்கைகள் இரண்டு பேர், எதிர்வீட்டு செல்லம்மா. ஒருத்தி மூச்சு வாங்க நிறுத்தினால் இன்னொருத்தி அதே இடத்திலிருந்து எடுத்துக்கொண்டாள். பங்குச் சாமியார் வந்து ஜெபம் தொடங்கும் வரை அழுகை நிற்கக் கூடாது என்பது அந்தத் தெருவின் வழக்கம். நின்றால், தன்னை மறந்துவிட்டார்களோ என்று போனவர் திரும்பிப் பார்ப்பாராம்.

பெனிஷா குனிந்து மாலையைப் பெட்டியின் கண்ணாடிமேல் வைத்தாள். மாலைக்கு அடியில் தன் போனையும் வைத்தாள்.

அதில் ஒலிப்பதிவு ஓடிக்கொண்டிருந்தது.

அதுதான் அவள் வேலை. துறைமுகத்துக்குப் பக்கத்தில், ஒரு காலத்தில் மிளகாய் மூட்டை அடுக்கிய கிடங்கின் மாடியில் அந்த அலுவலகம் இருந்தது. மழை நாளில் சுவர் இன்னமும் காரமாக மணக்கும். மனிதர்களைப் போல் பேசவும் கேட்கவும் இயந்திரங்களுக்குக் கற்றுத்தர குரல்கள் வேண்டும். ஊர் ஊராகக் குரல் வாங்கி எங்கோ அனுப்புகிற கம்பெனி அது. பேசுகிறவர் முதலில் தன் பெயரைச் சொல்லி, "என் குரலைப் பயன்படுத்த எனக்குச் சம்மதம்" என்று வாயால் சொல்ல வேண்டும். அப்புறம்தான் பதிவு செல்லுபடியாகும். பெனிஷா வேலைக்குச் சேர்ந்த அன்றே அவள் குரலையும் எடுத்துக்கொண்டார்கள். அதுதான் அவளுக்குச் சாவி. தான் எடுத்த பதிவைத் திறக்கவும் அழிக்கவும் அவள் மைக்கில் தன் பெயரைச் சொல்லியாக வேண்டும். வேறு யார் சொன்னாலும் திறக்காது.

இயற்பியல் படித்தவள், கூச்ச சுபாவம். தெரியாதவர் வீட்டுக் கதவைத் தட்டுவதற்குள் அவளுக்கு உள்ளங்கை வியர்த்துவிடும். அலுவலகத்தில் எல்லோரையும்விட அவள் பதிவுகள்தான் குறைவு. மேலாளர் பிராங்கிளின் இதை நாலு பேர் முன்னால் சொல்லிக் காட்டாத நாளில்லை.

"இப்போ வாங்குறவங்க கேக்குறது அழுகை. நடிச்சு அயுவுறது வேணாம், கண்டுபுடிச்சிடுவாங்க. நிஜமா அயுவணும். உங்க ஏரியால யாராவது போயிருப்பாங்கல்ல, பெனி? இல்லன்னா நீ போயிடு, வேலைய விட்டு."

சிரித்தார்கள். பெனிஷாவும் சிரித்து வைத்தாள்.

எல்சி ஆன்ட்டியிடம் அவள் முன்னாலேயே ஒருமுறை போயிருக்கிறாள். கோயிலில் ஜெபமாலையை உரக்கச் சொல்லி நடத்துவது எல்சிதான். கரகரத்த, ஒவ்வொரு சொல்லின் கடைசியையும் இழுத்துப் பேசுகிற குரல். மைக் வேண்டாம் என்பாள். கல்யாணத்தில் யாராவது வீடியோ எடுத்தால் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வாள். பெனிஷா போனை நீட்டிய அன்று, குழாயடியில் அத்தனை பெண்களும் கேட்க அவள் சொன்னாள்:

"என் குரலு எனக்குன்னு பொறந்தது. எவனுக்கும் குடுக்க மாட்டேன். அம்மாம் ஆசையா இருந்தா உன்னுத குடுடி."

இப்போது அவள் கண்ணாடிக்கு அடியில் கிடந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. அதற்கு நேர் மேலே, மாலைக்கு அடியில், போன்.

சாமியார் வருகிற சத்தம் கேட்டது. பெனிஷா மாலையை ஒதுக்கிப் போனை எடுத்தாள். ரூத் நிமிர்ந்தாள். அழுது வீங்கிய கண்கள்.

"பெட்டி மேல இன்னாத்துக்குடி போன வெச்ச?"

"மாலை வைக்கறப்போ... மறந்துட்டேன்க்கா."

ரூத் அவளையே பார்த்தாள். பெனிஷா பார்வையைக் கீழே இறக்கினாள். அப்போதுதான் கண்ணாடியைக் கவனித்தாள். அதன் உள்பக்கம், போன் இருந்த இடத்தில், ஆவி படிந்திருந்தது.

போனின் சூடு என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

தெருமுனை திரும்பும்போதுதான் உறைத்தது. சூடு ஆவியைக் கலைக்கும். படிய வைக்காது.

*

மறுநாள் காலை காதில் ஹெட்போனை மாட்டிப் பதிவைத் திறந்தாள். மென்பொருள், பேசுகிறவர்களைத் தனித்தனியாகப் பிரித்து ஆளுக்கொரு நிறத்தில் கோடு போடும். ரூத் நீலம். தங்கைகள் பச்சையும் மஞ்சளும். செல்லம்மா ஆரஞ்சு.

அடியில் இன்னொரு கோடு. சாம்பல் நிறம்.

பெட்டியின் மோட்டார் இரைச்சலாக இருக்கும் என்று நினைத்தாள். இரைச்சலுக்கு ஏற்ற இறக்கம் இருக்காது. இந்தக் கோடு ஏறியது, இறங்கியது, நின்றது. அழுகிறவர்கள் நால்வரையும் ஒவ்வொருவராக நிறுத்திவிட்டு, அதை மட்டும் ஓடவிட்டாள்.

மோட்டார் உறுமியது. அதற்கடியில் கண்ணாடியை நகத்தால் கீறுகிற மாதிரி ஒரு சத்தம். அப்புறம் யாரோ மூச்சை இழுத்தார்கள்.

"எடுக்காத."

கரகரத்த குரல். கடைசி எழுத்தை இழுத்த குரல்.

பெனிஷா ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாள்.

"இன்னா மேடம், பேய கீய பாத்துட்டியா?" பிராங்கிளின் பின்னால் நின்றுகொண்டிருந்தான். திரையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "சூப்பரு! நிஜ அழுகை. அஞ்சு பேரு. அஞ்சு சம்மதமும் கீதுல்ல?"

"யார்கிட்டயும் கேக்கல சார். சாவு வீட்டுல எப்படி..."

"அப்ப நீ சொல்லு. லேடீஸ் வாய்ஸ்தான, எவன் போய் செக் பண்ணப் போறான்? அல்லாரும் இப்பிடித்தான் செய்றாங்க."

"தப்பில்லையா சார்?"

"தப்புன்னா அயுவுற வூட்டுல போன் வெச்சியே, அது இன்னா? பிரார்த்தனையா?"

பெனிஷா எழுந்து பதிவு அறைக்குப் போனாள்.

பதிவு அறை சின்னது. சுவர் முழுக்கக் கறுப்பு ஸ்பாஞ்ச். உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் நம் சத்தம் நமக்கே திரும்பி வராது. பெனிஷா மைக் முன் உட்கார்ந்து, குரலைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி, ரூத்துக்காகச் சொன்னாள். தங்கைகளுக்காகச் சொன்னாள். செல்லம்மாவுக்காகச் சொன்னாள். ஐந்தாவது ஆள் யார் என்று திரையில் ஒரு கட்டம் கேட்டது. பெயர் இல்லாமல் நகரவில்லை. போன் நம்பரும் கேட்டது.

ஜெபமாலை வாட்ஸ்அப் குழுவில் எல்சியின் நம்பர் இருந்தது. கை அதைத்தான் போட்டது.

"நான் எல்சி. என் குரலைப் பயன்படுத்த எனக்குச் சம்மதம்."

சொல்லி முடித்தாள். மைக்கின் சிவப்பு விளக்கு அணைந்தது. எதிரொலி இல்லாத அறை. அவள் மட்டும்தான் உள்ளே.

காதோரம் யாரோ மெல்ல மூச்சு விட்டார்கள்.

"சரி."

*

அன்று மாலை தொண்டையில் மீன் முள் சிக்கிய மாதிரி இருந்தது. வீட்டு வாசலில் நின்று, வழக்கம்போல், "அம்மா, நான்தான்" என்றாள்.

அவள் அம்மா ஜானட்டுக்குச் சர்க்கரை வியாதியில் பார்வை போய்விட்டது. கேஸ் சிலிண்டர் பதிவுக்கு என்று சொல்லிக்கொண்டு ஒருவன் வீட்டுக்குள் வந்து, அம்மாவின் கட்டைவிரலை ஏதோ ஒரு கருவியில் வைத்து அழுத்தி ரேகையை எடுத்துப் போனான். அதைக் கொண்டுபோய் என்ன செய்தான் என்று இன்றுவரை தெரியாது. அன்றிலிருந்து அம்மா தட்டுகிற சத்தத்துக்குக் கதவு திறப்பதில்லை. மகளின் குரல் கேட்டால்தான் தாழ்ப்பாள் நகரும்.

இன்று தாழ்ப்பாள் உடனே நகரவில்லை.

"யாரு?"

"நான்தாம்மா."

கொஞ்ச நேரம் கழித்துத்தான் கதவு திறந்தது. அம்மா கையை நீட்டி மகளின் கன்னத்தைத் தடவிப் பார்த்தாள்.

"இன்னாடி, குரலு ஒரு மாரி கீது? சளி புடிச்சிகினியா?"

"ஆமாம்மா."

"மிளகு ரசம் வெக்கிறேன். பேசாம படு." திரும்பிப் போகும்போது அம்மா தனக்குள் முணுமுணுத்தாள். "யாரோ மாரி கீது."

*

அடுத்த நாள் மதியம் ரூத் கிடங்கின் இரும்புப் படிகள் அதிர ஏறி வந்தாள். கையில் எல்சியின் பழைய போன்.

"எவடி அவ? பெனிஷா எங்க?"

எல்லோரும் திரும்பினார்கள். ரூத் போனைப் பிராங்கிளின் முகத்துக்கு நேரே நீட்டினாள். *எல்சி அவர்களே, உங்கள் குரலை வழங்கியதற்கு நன்றி.*

"நாங்க பொதைச்சிட்டு வந்து கையக்கூட ஒயுங்கா கயுவல. அதுக்குள்ள செத்தவளுக்கு நன்றி சொல்லிகீறீங்க. இன்னா கலீஜ் பொயப்புடா இது?"

"உக்காருங்க மேடம். நாங்க சட்டப்படி சம்மதம் வாங்கித்தான் எடுப்போம்."

"பொணத்தாண்டயா வாங்கின?"

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். பிராங்கிளினுக்கு முகம் சிவந்தது. "செத்தவங்களுக்கு ஏதும்மா பிரைவசி?"

"அயுதது நாங்கடா! நாங்க செத்தா பூட்டோம்? என் அழுகைய எவனக் கேட்டு எடுத்த? இத கோர்ட்ல வந்து சொல்லு, எங்க வக்கீலாண்ட. ஒன்னியும் வுட மாட்டேன், அந்த ஊமச்சியையும் வுட மாட்டேன்."

பெனிஷா மேசைக்குப் பின்னால் எழுந்து நின்றாள். காலையிலிருந்து அவள் யாரிடமும் பேசவில்லை. வாயைத் திறக்கவே பயமாக இருந்தது.

"சம்மதம் கீது. உங்கம்மா சம்மதமே கீது. கேட்டுட்டு அப்பால கத்து," என்றான் பிராங்கிளின். சம்மதப் பதிவை மட்டும் மேலாளரும் திறக்கலாம். அதை ஒலிபெருக்கியில் போட்டான்.

"நான் எல்சி."

கரகரத்த குரல். ஜெபமாலை சொல்கிற அதே இழுப்பு.

"என் குரலைப் பயன்படுத்த எனக்குச் சம்மதம்."

ரூத்தின் கையிலிருந்து போன் விழுந்தது.

கீழே ஒரு கண்டெய்னர் லாரி போனது. கிடங்கு நடுங்கி அடங்கியது.

"இது எப்ப எடுத்தது?" ரூத்தின் குரல் இப்போது தேய்ந்திருந்தது. "கடைசில அம்மாவுக்குப் பேச்சே இல்ல. தொண்டையில குழாய் போட்டிருந்தாங்க. இது எப்ப எடுத்தது?"

பெனிஷாவுக்கு அவள்மேல் இரக்கம் வந்தது. உண்மையைச் சொல்லிவிட வேண்டும்.

"அக்கா, அது அவங்க இல்ல. நான்தான் பேசினது."



ஒலிபெருக்கி முன்பே ஓய்ந்துவிட்டது. ஆனால் இப்போது பேசியதும் அதே குரல்தான்.

பெனிஷா தன் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். விரல்களுக்கு அடியில் அதிர்ந்தது அவள் தொண்டைதான். ரூத் இரண்டே எட்டில் வந்து அவள் கன்னத்தில் அறைந்தாள்.

"எங்கம்மா மாரி பேசிக் காட்றியாடி? எங்கம்மா மாரியா?"

"இல்லக்கா, நான் பேசல..."

மறுபடியும் அதே குரல். ரூத் பின்வாங்கினாள். சுவரில் முதுகு இடிக்கும் வரை பின்வாங்கினாள்.

"அழி," என்றான் பிராங்கிளின். நெற்றி வியர்த்திருந்தது. "இன்னாவோ பேஜாரா கீது. அத மொதல்ல அழி."

எடுத்தவள்தான் அழிக்க முடியும். பெனிஷா மைக்கை இழுத்துக்கொண்டாள்.

"பெனிஷா."

*குரல் பொருந்தவில்லை.*

தண்ணீர் குடித்தாள். தொண்டையைச் செருமினாள். சின்னப் பிள்ளையில் வாய்ப்பாடு சொன்ன மாதிரி நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்.

"பெ-னி-ஷா."

*குரல் பொருந்தவில்லை. இந்தக் குரல் எல்சியுடையது.*

"சார், நீங்க அழிங்க," என்றாள் அழுதுகொண்டே. அழுகையும் அவளுடையதாக இல்லை.

"என்னால முடியாது. அனுப்பியாச்சு. அது எந்த ஊர்ல, எவன் மெஷின்ல கீதுன்னு எனக்கே தெரியாது." அவன் அவள் முகத்தைப் பார்க்காமல், கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை மட்டும் எட்டிப் பிடித்துக் கழற்றினான். "நீ கெளம்பு. இங்க வராத. பொய்ச் சம்மதம் குடுத்தது நீ. ஆபீசுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

"நீங்கதானே சார் சொல்லச் சொன்னீங்க?"

"பேசாத! எங்கூட அந்தக் குரல்ல பேசாத!"

படியில் இறங்கும்போது, முன்னாலேயே வெளியேறியிருந்த ரூத் அங்கே நின்றிருந்தாள். கோபம் வடிந்து, முகத்தில் வேறு எதுவோ குடியேறியிருந்தது.

"அக்கா, உங்கம்மாகிட்ட சொல்லுங்க. தெரியாம பண்ணிட்டேன்னு சொல்லுங்க. எங்கம்மாவுக்குக் கண்ணு தெரியாது. என் குரல விட்டா அவங்களுக்கு வேற ஒண்ணும் தெரியாது."

ரூத் காதுகளைப் பொத்திக்கொண்டாள். தன் தாயின் குரல் தன்னிடம் கெஞ்சுவதை அவளால் தாங்க முடியவில்லை.

"கொயாயடில அன்னிக்கு நானும்தான் இருந்தேன்," என்றாள். "உன்னுத குடுன்னு கேட்டா. நீ குடுத்துட்ட. எங்கம்மா வாங்கினத எப்பவும் திருப்பிக் குடுத்ததில்ல. போடி."

*

கோயில் மணி அடித்தது. மாலை ஜெபத்துக்குப் பெண்கள் முக்காடு போட்டுக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். பெனிஷா தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள். தெரிந்தவர்கள் கூப்பிட்டார்கள். அவள் நடையை வேகப்படுத்தினாள். எண்ணூர் ஆலைகள் பக்கமிருந்து வந்த காற்றில் அழுகிய முட்டை மாதிரி ஒரு வாடை இருந்தது. அதற்கடியில் இன்னொரு வாடை. வாடிய சம்பங்கி.

அது அவள் மூச்சிலிருந்து வந்தது.

ஒரே ஒரு வார்த்தை போதும். "அம்மா" மட்டும் சரியாக வந்தால் போதும். கதவு திறந்துவிட்டால் அம்மா கன்னத்தைத் தடவிப் பார்ப்பாள். தடவினால் தெரிந்துவிடும். எச்சில் விழுங்கி, விழுங்கி, உதட்டுக்குள்ளேயே அந்த வார்த்தையைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே சந்துக்குள் திரும்பினாள்.

வீட்டு வாசலில் விளக்கு எரியவில்லை. அம்மாவுக்கு விளக்கு வேண்டியதில்லை. அவள் வந்துதான் போடுவாள்.

உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது. அம்மா சிரிப்பது கேட்டது. வெகுநாளைக்கு அப்புறம் அம்மா அப்படிச் சிரித்தாள்.

பெனிஷா கதவைத் தட்டினாள்.

சிரிப்பு நின்றது. தாழ்ப்பாள் நகரவில்லை.

கதவில் நெற்றியை வைத்துக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"அம்மா. நான்தான்."

கரகரவென்று, கடைசியை இழுத்துக்கொண்டு, அது சந்து முழுவதும் கேட்டது.

உள்ளே ஏதோ பாத்திரம் கீழே விழுந்து உருண்டது. அம்மாவின் கை சுவரைத் தடவிக்கொண்டே வருகிற சத்தம். கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். ஒரு பலகைதான் நடுவில். அம்மாவின் மூச்சு இரைப்பது கேட்டது.

"எல்சி?"

"இல்லம்மா. பெனிஷா. உன் பொண்ணும்மா. கதவத் தொற."

"ஏசுவே." என்றாள் அம்மா. "எல்சி, உன்ன பொதைச்சாச்சுடி. இன்னாத்துக்கு வந்துகீற? நாங்க உனக்கு இன்னா பண்ணோம்?"

"அம்மா, தொட்டுப் பாரும்மா. ஒரே ஒரு தடவ கதவத் தொறந்து என்னத் தொட்டுப் பாரு."

தாழ்ப்பாளில் அம்மாவின் விரல் படுகிற சத்தம் கேட்டது. இரும்பு லேசாக அசைந்தது.

"என் பொண்ணு பேரச் சொல்லாத," என்றாள் அம்மா. "என் பொண்ணு அப்பவே வந்துட்டா. உள்ளதான் கீறா."

பெனிஷா கண்ணைத் திறந்தாள்.

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. யாரோ எழுந்து வந்தார்கள். காலடிச் சத்தம் இல்லை. குரல் மட்டும் நெருங்கியது. தணிந்த, கூச்சப்பட்ட, ஒவ்வொரு வார்த்தைக்கும் முன்னால் கொஞ்சம் தயங்குகிற குரல்.

"யாரும்மா வாசல்ல?"

அவளுடைய குரல்.

"எல்சி மாரி கீதுடி," என்று அம்மா கிசுகிசுத்தாள்.

"தொறக்காதம்மா."

தாழ்ப்பாளின்மேல் இருந்த விரல் விலகியது. சுவரைத் தடவிக்கொண்டு அம்மா உள்ளே போனாள். பெனிஷா கதவைத் தட்டவில்லை. கத்தவில்லை. கத்தினால் எந்தக் குரல் வரும் என்று அவளுக்குத் தெரியும்.

கதவை ஒட்டி ஒரு சின்ன ஜன்னல். கண்ணாடிக்குப் பின்னால் இருட்டு. அதில் யாரும் இல்லை.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கண்ணாடியின் உள்பக்கம், ஒரு வாய் அளவுக்கு ஆவி படிந்தது.